சிற்றூர்திகளின் அருமை

ஒரு பொருளின் விலை அது தரும் பயனுக்கேற்ப அமையும் என்பர். ஆயின், பயன் ஒழிந்த பின்னரே விலை பெருகிய பொருள்களும் உள. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐரோப்பாவிலே தோன்றிய 'மைக்கிரோ கார்' எனப்படும் சிற்றூர்திகள் அத்தகையன. மான் தீவிலே 1962 முதல் 1965 வரை செய்யப்பட்ட 'பீல் பி 50' அக்காலத்தில் 199 பவுணுக்கு விற்கப்பட்டது. அவற்றுள் ஒன்று 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஏலமொன்றில் 176,000 டொலருக்கு விலைபோயிற்று. ஒருவர் மாத்திரம் அமரத்தக்க இச்சிறு வண்டிக்கு இத்துணை மதிப்பு வந்தவாறு யாங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

இவ்வூர்திகள் வறுமையிற் பிறந்தவை. போரின் பின் மூலப்பொருள்கள் அரிதாயின. கார் வாங்கும் வசதி பலர்க்கு இல்லை. மோட்டார்ச் சைக்கிளோ மழைக்கும் பனிக்கும் காப்பாகாது. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்தவையே சிற்றூர்திகள். அக்காலப் பிரித்தானியாவில் நிறை குறைந்த முச்சில்லு ஊர்திக்கு வரியும் குறைவாயிருந்தது. மோட்டார்ச் சைக்கிள் அனுமதிப் பத்திரத்துடனேயே அதனை ஓட்டவும் கூடியதாயிருந்தது. 1956இல் சூயஸ் நெருக்கடியினாற் பெற்றோல் தட்டுப்பாடு நேர்ந்தபோது இவற்றின் தேவை மேலும் மிகுந்தது.

தேவையின் நெருக்குதல் கற்பனையைத் தூண்டிற்று. இத்தாலியின் ஈசோ நிறுவனம் 1953இல் வெளியிட்ட 'ஈசெற்றா'வின் ஒரே கதவு அதன் முன்முகத்திலேயே அமைந்தது. அதனைத் திறக்குங்கால் திசைதிருப்பும் வளையமும் உடன் விலகி வழிவிடும். ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் உரிமை பெற்று, 1955 முதல் 1962 வரை அதனை 160,000க்கு மேற்பட்ட தொகையிற் செய்தது. பிறிற்ஸ் பென்ட் என்னும் பொறியியலாளர் போரில் ஊனமுற்றோர்க்கென முதலில் ஒரு சிறு வண்டியை அமைத்தார். விமானம் செய்தல் தடுக்கப்பட்டிருந்த மெஸர்ஷ்மிற் நிறுவனத்தில் அவர் எண்ணம் வளர்ந்து, 1955இல் 'கே.ஆர். 200' ஆயிற்று. அதில் இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்வர். மேல்மூடி விமானத்தினது போன்று பக்கவாட்டிலே திறக்கும். பின்னோக்கிச் செல்ல இயந்திரத்தை நிறுத்தி எதிர்த்திசையிற் சுழலுமாறு மீண்டும் இயக்குவர். 137 சென்ரிமீற்றர் நீளமும் 59 கிலோகிராம் நிறையுமுடைய பீல் வண்டிக்கோ அவ்வசதியும் இல்லை. ஓட்டுபவர் இறங்கிப் பின்புறக் கைபிடியைப் பற்றி இழுத்துத் திருப்புதலே வழி.

1957இல் பியற் 500, 1959இல் மினி ஆகிய கார்கள் வந்தன. நால்வர் செல்லத்தக்க கார் குறைந்த விலைக்குக் கிடைக்கவே, சிற்றூர்திகளை நாடுவோர் அருகினர். ஏழைமையின் அடையாளமாகிய வண்டியைப் பேணுவாரும் இலர். பல பழைய இரும்பாயின. அருமைப்பாடு இவ்வாறு நேர்ந்தது. ஏறத்தாழ ஐம்பதே செய்யப்பட்ட பீல் பி 50 பெறும் விலையை, பல்லாயிரமாகப் பெருகிய ஈசெற்றா பெறுவதில்லை. பென்டின் நாற்சில்லு ஊர்தியாகிய 'ரி.ஜி. 500' சில நூறே செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துச் சிற்றூர்தி அருங்காட்சியகமொன்றின் சேகரிப்பு 2013இல் ஏலம் விடப்பட்டபோது, அவ்வினத்து வண்டியொன்று 322,000 டொலர் பெற்றது.

எனினும், அருமை ஒன்றே காரணமாகாது. அரிதாயும் எவரும் விரும்பாத பொருள்கள் பல. இவ்வண்டிகளின் பொறியமைப்பு முழுவதையும் ஒருவர் தம் கண்ணாற் கண்டு, கையாற் கழற்றி, அறிவால் விளங்கிக்கொள்ளலாம். பெரிய கார் ஒன்று நிற்கும் இடத்திலே சிலவற்றை வைத்துப் பேணவும் இயலும். ஐரோப்பியர் பலர்க்கு அது தம் குடும்பத்தின் முதல் வண்டி என்னும் நினைவும் உண்டு.

இவ்விடத்து ஓர் ஆபத்து உளது. கண்ணாடிக்குள் வைத்து விளையாட்டுப் பொருள்போற் காணுங்கால், பீல் வண்டியின் கைபிடி நகைப்புக்குரியதாகத் தோன்றும். அது பணத்தையும் நிறையையும் மிச்சப்படுத்த எழுந்த விடை என்பது மறைந்துபோம். ஊனமுற்றோர் மீண்டும் தாமே பயணம் செய்தற்கு எழுந்த முயற்சியே மெஸர்ஷ்மிற்றின் வேர் என்பதும் அவ்வாறே மறக்கப்படும். பழுதுபார்த்து, ஓடும் நிலையில் வைத்து, ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வாறு அமைந்ததென அடுத்த தலைமுறைக்கு உரைப்பவரே இவற்றை உண்மையிற் காப்பவர். ஏனையோர் காப்பது விலையையே.