கஞ்சா சோர்வைத் தீர்க்குமா?

காய்ச்சல் கண்டு படுக்கையிற் கிடப்பவர் ஒருவரைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு உணவில் விருப்பமில்லை. வந்தவரோடு பேச மனமில்லை. நேற்று வரை இனித்த பாட்டு இன்று இரைச்சலாகப் படுகிறது. காய்ச்சல் தணிந்ததும் இவையெல்லாம் தாமே நீங்கிவிடுகின்றன. இந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆயினும், உடம்பில் நுழைந்த கிருமி உள்ளத்தின் விருப்பு வெறுப்பை எவ்வாறு மாற்றியது என்று நாம் கேட்பதில்லை. விஞ்ஞானிகள் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை, மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றிய பழைய எண்ணங்களை மாற்றி வருகிறது.

கிருமி புகுந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. இதனை அழற்சி என்கிறோம். உடம்பின் காவற்படை நடத்தும் போர் இது. அப்போரில் ஈடுபடும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்னும் தூதுப் பொருள்களை வெளியிடுகின்றன. அத்தூது இரத்தத்தின் வழியாகவும் நரம்புகளின் வழியாகவும் மூளையை எட்டுகிறது. ‘ஓடியாடாதே, ஆற்றலைப் போருக்கு விடு’ என்பதே அதன் சாரம். சில நாட்களுக்கு இந்த அடக்கம் நன்மை பயக்கும். போர் ஓயாது நீண்டால் அதுவே நோயாக மாறக்கூடும்.

இதற்குச் சான்று உண்டா? உண்டு. இன்டர்ஃபெரான் என்பது சைட்டோகைன் வகையைச் சேர்ந்த ஒரு மருந்து. மெலனோமா என்னும் தோற்புற்றுக்காக அதனைப் பெற்ற 40 நோயாளிகளைப் பற்றிய ஆய்வொன்று 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவர்களிற் பாதிப் பேருக்குச் சோர்வு நீக்கும் மருந்து முன்கூட்டியே தரப்பட்டது. மறு பாதியினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை தரப்பட்டது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 45 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு கண்டது. சோர்வு நீக்கி உண்டவர்களிலோ 11 விழுக்காட்டினருக்கே அது வந்தது. மனச்சோர்வு வெறும் மனத்தளர்ச்சி என்றும், உறுதி இல்லாதவர்களின் குறை என்றும் சொல்வோர்க்கு இவ்வெண்களே தக்க விடையாகும்.

உடலியல் பயிலும் மாணவர் சிலர் என்னிடம் ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. “அழற்சி சோர்வைத் தருகிறது, கஞ்சா அழற்சியைத் தணிக்கிறது, ஆகவே கஞ்சா சோர்வைத் தீர்க்க வேண்டும் அல்லவா?” என்பார்கள். கேட்பதற்கு நேர்த்தியான தருக்கந்தான். துயரத்தில் இருக்கும் இளைஞன் ஒருவன் இதனை நம்பிப் புகைக்கத் தொடங்கவும் கூடும். ஆகவே இதனை நகைத்து ஒதுக்காமல், இச்சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்ப்போம்.

முதற் கண்ணி, அழற்சியே சோர்வைத் தருகிறது என்பது. இது ஒரு சிலரளவில் உண்மை, எல்லோரளவிலும் உண்மையன்று. அழற்சி மிகும்போது இரத்தத்தில் சி-வினைப் புரதம் என்னும் பொருளும் மிகும். சோர்வு நோயாளிகளைச் சோதித்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இப்புரதம் குறிப்பிடத்தக்க அளவில் மிகுந்திருக்கக் காண்கிறோம். 2013ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தார், பிற மருந்துகளுக்கு இணங்காத 60 சோர்வு நோயாளிகளிடம் இன்ஃபிளிக்ஸிமாப் என்னும் வலிய அழற்சித் தடுப்பு மருந்தைச் சோதித்த முடிவை வெளியிட்டனர். மொத்தத்தில் அம்மருந்து வெறும் ஊசியை வெல்லவில்லை. தொடக்கத்தில் அப்புரதம் மிகுந்திருந்தவர்களிடம் மட்டுமே மருந்தின் பயன் தென்பட்டது. புரதம் குறைந்திருந்தவர்கள் வெறும் ஊசியிலேயே அதிக நலம் பெற்றனர். அழற்சியை அடக்கும் மருந்தே எல்லார்க்கும் பொருந்தவில்லை என்றால், புகை எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது கண்ணி, கஞ்சா அழற்சியைத் தணிக்கும் என்பது. 1964ஆம் ஆண்டில் இஸ்ரேலில் ரபேல் மெஷூலம், யெஹியேல் கயோனி என்ற இரசாயன அறிஞர் இருவர், கஞ்சாவின் மயக்கப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை நிறுவினர். அதனைச் சுருக்கமாக டி.எச்.சி. என்பர். அது சென்று பொருந்தும் ஏற்பிகள் பின்னர் அறியப்பட்டன. முதல் வகை ஏற்பி பெரும்பாலும் மூளையிலும், இரண்டாம் வகை பெரும்பாலும் காவற்படை அணுக்களிலும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலும் எலிகளிலும் கஞ்சாப் பொருள்கள் அழற்சியைக் குறைத்ததுண்டு. ஆனால் தட்டில் இட்ட தூய பொருள் வேறு. நெருப்பிட்டு உறிஞ்சும் புகை வேறு. கஞ்சாப் புகை மூச்சுக் குழாய்களை உறுத்தி அங்கே அழற்சியை மூட்டுகிறது. நாள்தோறும் புகைப்போர்க்கு இருமலும் சளியும் வருவது இதனாலேதான்.

மூன்றாவது கண்ணிதான் மிகவும் கவனிக்கத்தக்கது. நம் மூளையே கஞ்சாப் பொருளை ஒத்த ஒன்றைச் சுரக்கிறது. 1992ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தவர்கள், ஆனந்தம் என்ற நம் சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். இதன் பணி மனநலத்துக்கு இன்றியமையாதது. உடற் பருமனைக் குறைப்பதற்காக ரிமோனபான்ட் என்றொரு மருந்து 2006ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மூளையிலுள்ள அந்த ஏற்பிகளை அடைப்பதே அதன் தொழில். உண்டவர்களிற் பலர்க்குச் சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றவே, 2008ஆம் ஆண்டில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

“அடைத்தால் சோர்வு வருமெனின், நிரப்பினால் மகிழ்ச்சி வர வேண்டுமே?” என்று நீங்கள் கேட்கலாம். ஏரிப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். எந்த வயலுக்கு எப்போது நீர் வேண்டுமோ, அப்போது அந்த மடையைத் திறந்து, பாய்ந்ததும் அடைக்கிறோம். ஆனந்தமைடு அவ்வாறே வேண்டிய இடத்தில் சுரந்து, விரைவில் அழிக்கப்படுகிறது. கஞ்சாவோ கரையை உடைத்து எல்லா வயல்களிலும் ஒரே நேரத்தில் நீரைப் பாய்ச்சுவது போன்றது. அவ்வெள்ளத்துக்கு மூளை எதிர்வினை செய்கிறது; தன் ஏற்பிகளைக் குறைத்துக் கொள்கிறது. நெடுநாள் நாள்தோறும் புகைத்தவர்களிடம் இக்குறைவு காணப்பட்டது. ஏறக்குறைய நான்கு வாரம் விட்டிருந்தபின் மூளையின் பெரும்பாலான பகுதிகளில் அது சரியாயிற்று.

இங்கேதான் ஏமாற்றம் நிகழ்கிறது. வழக்கமாகப் புகைப்பவர் நிறுத்தினால், எரிச்சலும் தூக்கமின்மையும் சோர்வும் சில நாட்கள் வாட்டும். மறுபடி புகைத்தால் அவை தணியும். அவரோ, கஞ்சா தன் சோர்வைத் தீர்த்தது என்று எண்ணுகிறார். உண்மையில், தான் உண்டாக்கிய துன்பத்தின் ஒரு பகுதியையே அது தீர்த்தது.

வளரும் மூளைக்கு இடர் இன்னும் மிகுதி. 2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 11 ஆய்வுகளிலிருந்து 23,317 பேரின் விவரங்களைத் திரட்டியது. தொடக்கத்திலேயே சோர்வு இருந்ததா என்பதையும் அது கணக்கிற் கொண்டது. 18 வயதுக்கு முன் கஞ்சாவைப் பயன்படுத்தியவர்களுக்கு, பின்னாளில் சோர்வு நேரும் வாய்ப்பு விகிதம் 1.37 மடங்காகவும், தற்கொலை எண்ணம் தோன்றும் வாய்ப்பு விகிதம் 1.5 மடங்காகவும் இருந்தன. ஒருவரளவில் இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். புகைப்போர் பலராக இருக்கும் ஒரு நாட்டில், துயருறும் இளைஞர் தொகை பெரிதாகிவிடும்.

எனவே மாணவ நண்பர்களே, தனித்தனியே ஓரளவு உண்மையான இரு கூற்றுகளை இணைத்துவிட்டதனால் மட்டும் மூன்றாவது ஓர் உண்மை பிறந்துவிடாது. மருத்துவத்தில் இறுதித் தீர்ப்பு, மனிதரிடம் நேரிற் செய்த சோதனைக்கே உரியது. சோர்வு நோய்க்கு அவ்வாறு சோதித்துத் தேர்ந்த மருந்துகளும் உரையாடல் சிகிச்சைகளும் உள்ளன. உடற்பயிற்சியும் பயன் தருகிறது. இரண்டு வாரங்களுக்கு மேலாக உள்ளம் வாடி, எதிலும் நாட்டமின்றி இருந்தால், காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுவது போலவே அதற்கும் நாடுங்கள். இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கஞ்சாவைப் பழகிவிட்ட நண்பரையும் பழிக்காமல் அங்கே அழைத்துச் செல்லுங்கள். நோயுற்றவர்க்கு வேண்டுவது சிகிச்சையும், உடன் நடந்து வர ஒரு துணையுமே.