தேனியில் கடல் மீன் தொட்டியா? நைட்ரேட்டைக் கவனியுங்கள்!

கம்பம் பள்ளத்தாக்கில் கடல் ஏது? உப்புக் கலவையை நீரில் கரைத்துத்தான் கோமாளி மீன் வளர்க்க வேண்டும். நாளாக ஆக, மீன் கழிவாலும் மிஞ்சிய தீனியாலும் நைட்ரேட், பாஸ்பேட் கூடி பாசி படரும். அடிக்கடி தண்ணீர் மாற்றினால் உப்புச் செலவு எகிறும்.

இதற்குக் கைகொடுப்பது பயோபெல்லட் ரியாக்டர். கலனுக்குள் மட்கும் பிளாஸ்டிக் மணிகள் புரண்டுகொண்டே இருக்கும். அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை புரோட்டீன் ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றும்.

கவனிக்க:

* பாதி அளவில் தொடங்கி, வாரந்தோறும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள்.
* ஸ்கிம்மர் இல்லாமல் வேண்டாம். ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும்.
* நீண்ட மின்வெட்டுக்குப் பின், கலனில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். கெட்டுப்போன அந்த நீர் தொட்டிக்குள் போனால் மீன்களுக்கு ஆபத்து!