ஒரே தட்டு, பல கைகள்

எத்தியோப்பியாவில் இஞ்செராவை முதலில் பார்க்கும் தமிழர்கள் தோசை என்றுதான் நினைப்பார்கள். விண்டு வாயில் போட்டதும் சங்கதி வேறு என்று தெரியும். ஆறிப்போய், மெத்தென்று, நாக்கைச் சுண்டும் புளிப்போடு இருக்கும்.

மாவு, டெஃப் என்ற தானியத்தினுடையது. கேழ்வரகுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு கிராமில் ஏறக்குறைய 3,000 மணிகள் இருக்கும், அவ்வளவு பொடி. கரைத்த மாவில், முன்பு புளித்த மாவின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை விட்டு இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். புளித்ததில் கொஞ்சம் எடுத்து, கொதிநீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் திரும்பக் கலக்கிறார்கள். இந்தக் கஞ்சிக்கு அப்சித் என்று பெயர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் டெஃப்பில் கிடையாது. அதனால் மாவுக்குள் காற்றைப் பிடித்துவைக்க அப்சித்தின் கொழகொழப்பு கைகொடுக்கிறது.

மித்தாத் என்ற வட்ட மண் ஓடு அரை மீட்டருக்குக் குறையாத அகலம். நகரங்களில் இப்போது மின்சார மித்தாத். மாவை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மேலே கண் கண்ணாகத் திறந்ததும் மூடியைப் போட்டுவிடுவார்கள். திருப்பிப் போடும் வழக்கமே இல்லை. அடிப்பக்கம் வழவழப்பு, மேற்பக்கம் முழுக்கக் கண்கள். நெருக்கமாக, சீராகக் கண் விழுந்தால்தான் நல்ல இஞ்செரா.

அந்தக் கண்கள்தான் குழம்பைக் குடிப்பவை. பெரிய இஞ்செராவை விரித்து, அதன் மேலேயே பருப்பு, கீரை, கோழிக்குழம்பு எல்லாம் வைப்பார்கள். தட்டும் அதுதான், கரண்டியும் அதுதான்.

சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை வைப்பார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கேதான் திகைப்பு. ஆனால் அங்கும் சுத்தம் பார்க்கிறார்கள். சாப்பிடும் முன் கைகழுவ வேண்டும், வலது கையால், தன் பக்கத்தில் உள்ளதை மட்டுமே எடுக்க வேண்டும், விரலை நக்கக் கூடாது. எனக்கு இது மிக நாகரிகமான ஏற்பாடாகவே படுகிறது.

அடுத்த திகைப்பு குர்ஷா. வீட்டுக்காரர் ஒரு கவளத்தைச் சுருட்டி விருந்தாளியின் வாயில் ஊட்டிவிடுவார். அன்பும் மரியாதையும் கலந்த செயல் அது. மறுத்தால் மனம் நோகும். தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவர்கள் புதன், வெள்ளியில் கவலையின்றிச் சாப்பிடலாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அவை விரத நாட்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் சேர்க்காத உணவு பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும்.