இலக்கம் 81
பிள்ளை மனசு – தொடர் 9

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்து திரும்பிய பிறகு கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு இரண்டு மாதக் குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. அன்றைய பதிவேட்டில் அது 81ஆவது ஆள். அந்த இலக்கமே பெயராகிவிட்டது. பிள்ளையைத் தொலைத்த ஒன்பது தம்பதிகள் அதற்கு உரிமை கோரியதாக உலகெங்கும் செய்தி பறந்தது. முறைப்படி நீதிமன்றம் போனது ஒரு தம்பதி மட்டும்தான். மரபணுச் சோதனை நடந்தது. 2005 பெப்ரவரியில் பிள்ளை பெற்றோரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்திரிகைகளுக்குக் கதை அதோடு முடிந்தது. பிள்ளைக்கு முடியவில்லை. பாடசாலையில் கூடப் படித்தவர்கள் இலக்கத்தைச் சொல்லியே கேலி செய்தார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் கமராக்கள் வீடு தேடி வந்தன. வாசலில் ஆளைக் கண்டால் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வானாம். வளர்ந்து இளைஞனான பிறகு இதை அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அவருடைய பெயரை இந்தத் தொடர் எழுதப்போவதில்லை.

இரண்டு மாதக் குழந்தைக்கு அலை நினைவில் இருந்திருக்க வழியில்லை. அவரை வாட்டியது அலைக்குப் பிறகு மனிதர்கள் அவர் மேல் ஒட்டிய சீட்டு. பேரிழப்பைக் கடந்த பிள்ளைகளைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் பலவும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. நடந்தது பெரிது, சரி. அதற்குப் பிறகு தினசரி என்ன நடக்கிறது?

இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இங்குள்ள 13 முகாம்களில் தங்கியிருந்த 859 குடும்பங்களைக் கேட்டு ஓர் ஆய்வு செய்யப்பட்டு 2006இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் இருந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 31.8 வீதமானோர் இறந்திருந்தனர். ஐந்து முதல் ஒன்பது வயது வரை 23.7 வீதம். பெண்களில் 17.5, ஆண்களில் 8.2. இருபதுகளில் இருந்தவர்களில் 7.4 மட்டுமே.

இதைப் பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், உயிர் தப்பிய பிள்ளை இழந்தது பெரும்பாலும் உம்மாவையும் தம்பி தங்கையையும்.

உம்மா போவது இந்தக் கரையில் தனி இழப்பு. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எங்கும் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ராத்தா தங்கச்சிமார் ஒரே வளவிலோ பக்கத்து வளவிலோ குடியிருப்பார்கள். ஒரு பிள்ளை தாயை இழந்தால், கூப்பிடு தூரத்தில் உம்மம்மாவும் சாச்சியும் இருப்பார்கள். எந்த நிறுவனமும் கட்டித் தர முடியாத ஏற்பாடு இது. ஆனால் கடலோர வளவில் எல்லோரும் நெருங்கி இருந்தால், உம்மாவைக் கொண்டுபோன அலையே சாச்சியையும் கொண்டுபோகும்.

அப்படி மிஞ்சிய பிள்ளைகளைத் தத்தெடுக்க வெளியார் கேட்டு வந்தபோது அரசாங்கம் அவசரத் தத்தெடுப்பைத் தடுத்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் அந்தப் பிள்ளைகளை யார் பொறுப்பெடுக்கலாம் என்பதற்கு முறை வகுத்தது. அந்த நேரத்தில் எடுத்த முடிவுகளில் நல்லதென்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

சொந்தக்காரர் கையில் இருக்கும் பிள்ளையிடம் மரணத்தை எப்படிச் சொல்வது? “உம்மா வெளிநாடு போயிருக்கா” என்பது பெரியவர்களின் வாயில் எளிதாக வந்துவிடும் பொய். வேறு ஊர்களில் இது வெறும் மழுப்பல். இங்கே அப்படியல்ல. சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போன உம்மாமார் இரண்டு மூன்று வருடத்தில் சூட்கேஸோடு திரும்பி வருவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. அது காத்திருக்கும். வராதபோது, தன்மேல் கோபம் போலும் என்று நினைக்கும். ஆறேழு வயது வரை பிள்ளைக்கு மரணம் திரும்பாத பயணம் என்பது முழுதாகப் பிடிபடாது. அதனால்தான் “உம்மா மௌத்தாயிட்டா, இனி வரமாட்டா, உன்னால நடந்ததில்ல” என்று நேராக, ஒரு முறையல்ல, பல முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளையின் துக்கம் பெரியவர்களுடையதைப் போல ஒரே நீட்டாக இராது. கொஞ்சம் அழும், உடனே போய்ப் பந்து விளையாடும். “அது மறந்துட்டு” என்று வீட்டார் ஆறுதல்பட்டுக்கொள்வார்கள். மறக்கவில்லை. தாங்கக்கூடிய அளவுக்குத்தான் அது துக்கத்தை எடுக்கிறது. ஜனாஸாவைக் காணாமல், கூட்டுப் புதைகுழிகளில் உறவுகளை இழந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். யாசீன் ஓதவும் துஆ கேட்கவும் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைப்பது, இறந்தவருக்காகத் தானும் ஏதோ செய்கிறேன் என்ற பிடியைக் கொடுக்கிறது.

2005இன் தொடக்க மாதங்களில் உளவளத் துணை என்ற பெயரில் பலர் வந்தார்கள். அலையை வரையச் சொன்னார்கள், நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். அடுத்த வாரம் வேறொரு குழு வந்து அதையே கேட்டது. உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பயன் தராது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: நிலைமையைப் பார், காது கொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. கதையைத் தோண்டியெடுக்கும் வேலை அதில் இல்லை.

சுனாமிக்கு மூன்று நான்கு வாரங்களில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், நெருக்கீட்டுக் கோளாறின் அறிகுறிகள் இடத்துக்கு இடம் 14 முதல் 39 வீதம் வரை இருந்ததாகக் கண்டார்கள். பெரிய எண்தான். மறுபக்கத்தில், பாதிப்பு கூடிய இடத்திலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் கோளாறுக்குள் விழவில்லை.

விழுந்தவர்கள் எழும்பாமல் இருப்பதற்கு என்ன காரணம்? போரையும் சுனாமியையும் கண்ட இலங்கைப் பதின்ம வயதினரை ஆராய்ந்து காயத்ரி பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வறுமை, வீட்டுக்குள் அடி, புறக்கணிப்பு என்ற அன்றாட நெருக்கடிகள் அந்தப் பிள்ளைகளின் மனநிலையோடு பலமாகப் பிணைந்திருப்பதை அது காட்டியது.

கல்முனைக் கரையில் அந்த அன்றாடத்துக்கு ஒரு நீளம் இருந்தது: 200 மீற்றர். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று 2005இல் சொல்லப்பட்டது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவில் கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் முட்டும் நெருக்கம். எங்கே போவது? விதி பிறகு தளர்ந்தது, ஆனால் தகரக் கொட்டிலில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கிப் பல வருடம் ஆளில்லாமல் கிடந்தன. மருதமுனையில் தறி போன வாப்பாவுக்கு வேலையில்லை. வேலையில்லாத வாப்பாவின் கோபம் யார் முதுகில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்பதல்ல. வடகிழக்கில் ஒரு முகாமில் கடுமையான பாதிப்போடு இருந்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதியினர் தம் வாழ்க்கையைப் பிறந்த நாளிலிருந்து கோவையாகச் சொன்னார்கள். அலை அந்தக் கதையில் ஒரு பகுதி மட்டும். மறு பாதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 வீதம், இரண்டாவதில் 71 வீதம் குணமடைந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் 399 மாணவர்களோடு பாடசாலைகளில் நடந்த இன்னொரு முயற்சி எச்சரிக்கையும் தந்தது: அந்த 15 வகுப்புகள் சில பிள்ளைகளுக்கு உதவின, பெண் பிள்ளைகளின் நெருக்கீட்டு அறிகுறிகளோ, வகுப்பில் சேராத பெண் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாகவே தணிந்தன. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்தை ஊற்ற முடியாது.

மட்டக்களப்பில் சுனாமிக்கு முன்பே, 1990களில் தொடங்கிய வண்ணாத்திப்பூச்சிப் பூங்கா வேறு வழியில் போனது. தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். “உனக்கு என்ன நடந்தது” என்ற கேள்வியோடு யாரும் வாசலில் நிற்கவில்லை.

2024 நவம்பர் 26. சுனாமியின் இருபதாம் ஆண்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது காரைதீவு மாவடிப்பள்ளியில், டிரக்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை வெள்ளம் இழுத்துப்போனது. சிலர் மீட்கப்பட்டார்கள், பலர் மீளவில்லை. 2004இல் ஊருக்குள் வந்தவை தொலைக்காட்சிக் கமராக்கள். இப்போது ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒன்று. மீண்டு வரும் எந்தப் பிள்ளைக்கும் இன்னொரு இலக்கம் 81 ஒட்டிவிட ஒரே இரவு போதும்.

அப்படியான பிள்ளையின் வீட்டார் முதல் மாதம் செய்ய வேண்டியது அதிகமில்லை: தூக்கம், சாப்பாடு, தொழுகை, பாடசாலை எல்லாம் பழைய நேரத்துக்கு, பிள்ளை பேசினால் கேட்பது, பேசாவிட்டால் விடுவது, விருந்தாளிக்கு முன்னால் நிறுத்திச் சொல்லவைக்காமல் இருப்பது. ஒரு மாதம் கடந்தும் கனவில் அலறினால், விட்டிருந்த பிள்ளை திரும்பப் பாயில் சிறுநீர் கழித்தால், படிப்பும் விளையாட்டும் இரண்டும் நின்றால், சாக வேண்டும் என்று ஒரு முறையாவது சொன்னால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். சாவைப் பற்றிய பேச்சுக்கு ஒரு மாதம் காத்திருக்கவும் கூடாது. சுனாமிக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் பத்தில் மட்டுமே உளநலச் சேவைக்கான கட்டமைப்பு இருந்தது. 2013இல் அது இருபதானதாக உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்தது. தொலைபேசியில் கேட்க தேசிய உளநல இலக்கம் 1926; பிள்ளைகளுக்கு 1929.

(தொடரும்)

அடுத்த வாரம்: உம்மா குவைத்தில், பிள்ளை உம்மம்மாவோடு.