ஏரிக்கரையில் ஒரு மவுண்டன் பைக்

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையும் சென்னை புறவழிச்சாலையும் சேரும் இடம் இரும்புலியூர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது நெரிசலான ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். சைக்கிள் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வட்டாரம் ஒரு புதையல். இரும்புலியூர் ஏரி, பீர்க்கன்காரணை ஏரி, கொஞ்சம் தள்ளி நெடுங்குன்றம் ஏரி என்று சுற்றிலும் ஏரிகள். ஏரி இருந்தால் கரை இருக்கும். கரைமேல் பாதை இருக்கும். மவுண்டன் பைக்குக்கு அது போதும்.

"மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதுக்கு?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அந்த சைக்கிள் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பதில் சொல்லிவிடலாம். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், தமல்பைஸ் என்ற மலைப் பக்கத்து இளைஞர்கள் சிலர் காட்டு மண் ரோட்டில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டார்கள். மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் மண்ணில் உதவவில்லை. அதனால் பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். காரணம், அவற்றின் டயர் தடிமன். 1976இல் போட்டியே வைத்தார்கள். மறு வருஷம் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஒரு புது சைக்கிளைச் செய்தார். மலை அவர்கள் ஊரில் இருந்ததால் பெயர் அப்படி அமைந்தது. சைக்கிள் உண்மையில் மண்ணுக்காகப் பிறந்தது.

நம் பக்கம் எவ்வளவு சமதளம் என்று ஒரு கணக்குப் போடுவோம். தாம்பரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேர் கிழக்கே கடல் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஆக, 1 கிலோமீட்டர் போனால் 2 மீட்டர் இறக்கம். அதாவது 0.2 சதவீதம். வழியில் மேடு பள்ளம் வரும், இது சராசரி.

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரிவில் புவியீர்ப்பு உங்களை முன்னால் இழுப்பது வெறும் 100 கிராம் எடை அளவு விசையோடுதான். ஆனால் நல்ல தார் ரோட்டில்கூட டயர் உருள்வதற்குச் சுமார் 250 கிராம் அளவுக்குத் தடை இருக்கிறது. டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, அடுத்த நொடி நிமிர்கிறது. நசுங்கச் செலவான ஆற்றல் முழுசாகத் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. 250ஐ 100 எப்படி ஜெயிக்கும்? பெடலை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். தரை சரிவாக இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

தண்ணீருக்குத் தெரியும். அதற்கு டயரும் இல்லை, அந்தத் தடையும் இல்லை. 1 கிலோமீட்டருக்கு 2 மீட்டர் இறக்கம் இருந்தாலும் அது ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் இவ்வளவு குறைந்த சரிவில் வேகமாக வடிய முடியாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கியதை உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டால் சொல்வார்கள்.

இந்த மெல்லிய சரிவை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்தான் நம் ஏரிகளை அமைத்தார்கள். தண்ணீர் இறங்கி வரும் திசைக்குக் குறுக்கே வளைவாக ஒரு கரை எழுப்பினார்கள். பாசனத்துக்கு மதகு. நிரம்பினால் வழிய ஒரு கலங்கல். வழிந்தது கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். நிற்கிற தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் மட்டமாக இருக்கும் இல்லையா? அப்படியானால் அதைத் தடுக்கும் கரையின் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். எங்காவது ஓர் அடி தாழ்ந்தால் வெள்ளம் அந்த இடத்தில்தான் ஏறிக் குதிக்கும், கரை உடையும். ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டும்போது ஏற்றமே வராத காரணம் இதுதான். நம் பகுதியிலேயே மிக மட்டமான மண் பாதையைத் தண்ணீர் அளந்து கொடுத்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கும்.

ஏற்றம் இல்லாவிட்டால் சுலபம்தானே என்றால், கால் வேறு கதை சொல்லும். கரையில் சரளை, அடுத்து புழுதி, அடுத்து மணல், ஓரிடத்தில் வேர். இங்கேதான் டயரின் விஞ்ஞானம் வருகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பின் டயரை நனைத்து, காய்ந்த அட்டைமேல் நிறுத்துங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். அட்டையில் ஈரத் தடம் இருக்கும். அதைப் பென்சிலால் வரைந்துகொண்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயரைக் கொஞ்சம் உருட்டிப் புது இடத்தில் மறுபடி செய்யுங்கள். தடம் பெரிதாகியிருக்கும். உங்கள் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம். பஞ்சர் கடை மீட்டரில் 60 என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிலோ அழுத்தம். 50 கிலோவை 4.2ஆல் வகுத்தால் 12. இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடுவது ஏறக்குறைய 12 சதுர சென்டிமீட்டர்தான். மீட்டரை 30க்கு இறக்கினால் அது 24 ஆகும்.

பாரம் அகலமாகப் பரவினால் டயர் மண்ணில் புதையாது. இறுக்கமான மெல்லிய டயர் மணலில் பள்ளம் பறிக்கும். பிறகு தான் பறித்த பள்ளத்திலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்குவது அதனால்தான். சரளைக் கல்மேல் ஏறினாலும் இறுக்கமான டயர் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். காற்று குறைந்த டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அதற்காக ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். எவ்வளவு காற்று வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் ஏரிக்கரைகளில் சீமைக் கருவேல முள்ளும் உண்டு. அதற்கு எந்த மீட்டர் கணக்கும் பொருட்டில்லை!

பாதை சுலபமா, நடுத்தரமா என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் உள்ள பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் இதற்கு நிறங்கள் வைத்திருக்கிறது. பச்சை வட்டம் போட்டால் சுலபம்: சராசரி ஏற்றம் 5 சதவீதத்துக்குள், தவிர்க்க முடியாத தடைகள் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குள். நீலச் சதுரம் என்றால் நடுத்தரம்: ஏற்றம் 10 சதவீதம் வரை, தடைகள் 20 சென்டிமீட்டர் வரை. ஏற்றத்தை மட்டும் பார்த்தால் ஏரிக்கரை கண்ணை மூடிக்கொண்டு பச்சை. வேரும் கல்லும் குவிந்த இடங்கள் நீலத்தில் சேரும். அங்கே வேகத்தைக் குறைத்து, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொண்டால் முழங்கால் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

கரையின் பக்கச் சரிவு மட்டும் வேறு. 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் அகலம் என்று கட்டிய கரையானால் அது 50 சதவீதச் சரிவு. அதில் சைக்கிளோடு இறங்கவே கூடாது. ஒரு பக்கம் ஆழமான தண்ணீர் வேறு. பெரியவர் ஒருவர் கூட வரட்டும். கலங்கல் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். பக்கத்து நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது. காட்டுப் பக்கம் ஓட்ட ஆசையென்றால் வண்டலூர் பூங்காவுக்குள் வாடகைக்கு சைக்கிள் கிடைக்கிறது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மண் கரைக்கு ஓய்வு கொடுங்கள். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சின்னது, தட்டை வடிவம். நடுவே தண்ணீர் புகுந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மணல் நேர்மாறு. கொஞ்சம் ஈரம் இருந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை மணிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் அலை நனைத்த மணலில் ஓட்டச் சுலபமாக இருப்பது அதனால்தான். களிமண் கரையில் அது நடக்காது. நீங்கள் வழுக்குவதோடு போகாது. ஈரக் கரையில் டயர் போட்ட கோடு ஒரு வாய்க்காலாகும். அடுத்த மழைத் தண்ணீர் அதில் சேர்ந்து ஓடிக் கரையை அரிக்கும்.

பொங்கல் விடுமுறையில் போய்ப் பாருங்கள். கரை மண்ணில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி விரலில் ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் காற்றைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம். பையில் தண்ணீர் பாட்டிலும் பஞ்சர் ஒட்டும் சாமானும் மறக்காமல் இருக்கட்டும்.