சிறந்த ஆய்வாளர்களுக்கான அமெரிக்க நிரந்தர வதிவுரிமை

ஐக்கிய அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை (பேச்சு வழக்கில் கிரீன் கார்டு) பெறுவதற்கான வழிகளுள் ஒன்று, தம் துறையில் தேர்ச்சியை நிறுவியவர்களுக்கான வேலைவாய்ப்பு முதல் முன்னுரிமைப் பிரிவு ஆகும். இது சுருக்கமாக ஈபி-1 எனப்படுகிறது. 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட இப்பிரிவில், அமெரிக்கத் தொழிலாளர் எவரும் அப்பணிக்குக் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று பெற வேண்டியதில்லை.

வரலாறு

1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வரும் வரை இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறப் பெரும்பாலும் இயலாதிருந்தது. அச்சட்டமும் ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறவே இடமளித்தது. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் குடியுரிமை பெற்றார். நாட்டுவாரியான பழைய பங்கீட்டு முறை 1965இல் நீக்கப்பட்டது.

தகுதிகள்

ஆய்வாளர்களுக்கு இதில் இரு உட்பிரிவுகள் உள்ளன. 'அசாதாரணத் திறன்' பிரிவில் வேலை வழங்குநர் இன்றித் தாமே விண்ணப்பிக்கலாம். நோபல் பரிசு போன்ற பெரும் விருது இல்லாதவர், பத்து அளவுகோல்களுள் மூன்றையேனும் நிறைவு செய்ய வேண்டும். பிறர் ஆய்வை மதிப்பிட்டமை, முதன்மையான பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள் ஆகிய மூன்றையே அறிவியலாளர் பெரும்பாலும் நாடுகின்றனர். 'சிறந்த பேராசிரியர் அல்லது ஆய்வாளர்' பிரிவில் ஆறில் இரண்டு போதும். ஆனால் மூன்றாண்டு அனுபவமும் நிலையான பணி வாய்ப்பும் தேவை. விண்ணப்பிப்பவர் வேலை வழங்குநரே.

மூன்றைக் காட்டினால் போதும் என்பது பரவலான தவறான கருத்து. இயற்பியலாளர் கசாரியன் தொடுத்த வழக்கில் 2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைக் காட்டும். விதியில் இல்லாத நிபந்தனைகளை அதிகாரிகள் சேர்த்தது தவறு என்று கூறிய நீதிமன்றம், அவர் இரண்டு அளவுகோல்களையே எட்டினார் என்று நிராகரிப்பை உறுதி செய்தது. அதன்பின் ஆய்வு இரு படிகளாயிற்று: முதலில் சான்றுகள் எண்ணப்படும், பின்னர் அவை ஒருங்கே எடைபோடப்படும். இரண்டாம் படி அதிகாரியின் கணிப்பைச் சார்ந்தது என்பதால், ஒத்த தகுதியுடைய இருவருக்கு வேறுவேறு முடிவுகள் கிடைப்பது வியப்பன்று.

காத்திருப்பு

மனு ஏற்கப்படுவது வேறு, அட்டை கைக்கு வருவது வேறு. வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கான ஆண்டு அளவு ஏறத்தாழ 1,40,000, அதில் 28.6 விழுக்காடு ஈபி-1க்கு உரியது. பன்னாட்டு நிறுவன மேலாளர்களும் விண்ணப்பதாரரின் குடும்பத்தினரும் இவ்வெண்ணிக்கையிலேயே அடங்குவர். பிறர் பயன்படுத்தாதவை மிஞ்சினாலன்றி, ஒரு நாட்டவர்க்கு 7 விழுக்காடே வரம்பு.

இங்கு நாடு என்பது பிறந்த நாடே. சென்னை பாடியில் பிறந்த ஆய்வாளர் பின்னர் கனடியக் குடிமகன் ஆனாலும் இந்திய வரிசையிலேயே நிற்பார். அவருடைய மனைவி கனடாவில் பிறந்தவராயின், அந்நாட்டு வரிசையைக் கோரலாம். 2023 ஆகத்தில் இந்தியருக்கான ஈபி-1 வெட்டுநாள் 2012 சனவரி 1க்குப் பின்தள்ளப்பட்டது. பிந்தைய முன்னுரிமை நாள் உடையோர் ஏற்கப்பட்ட மனுவுடன் காத்திருக்க நேர்ந்தது.

இத்தாமதம் பிள்ளைகளை மிகுதியாகப் பாதிக்கிறது. 21 வயது நிரம்பினால் பெற்றோரின் விண்ணப்பத்தில் இடம்பெறும் உரிமையை அவர்கள் இழப்பர். 2002ஆம் ஆண்டின் சட்டமொன்று, மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கிறது. ஏற்கப்பட்டபின் வரிசையில் கழியும் ஆண்டுகளை அது கழிப்பதில்லை.