செவிசாய்க்கும் அன்பு

குழந்தை அழுதால் தாய் ஓடிவருகிறாள். மாணவன் முகம் வாடினால் ஆசிரியர் காரணம் வினவுகிறார். ஆனால், நாற்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவனோ தலைவியோ உள்ளம் நொறுங்கி நின்றால், அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? வளர்ந்தவர்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது.

இம்முடிவு தவறென்பதைத் தம் தொழிலின் நடுவே கண்டுணர்ந்தவர் அமெரிக்க உளநூல் அறிஞர் கார்ல் ராஜர்ஸ் (1902-1987). கண்டிப்புமிக்க புரோட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்த அவர், முதலில் வேளாண்மை பயின்றார். பின்னர்ப் போதகராக விரும்பி நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியற் கல்லூரியில் சேர்ந்தார். அதையும் விட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளநூல் கற்றார். 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில், இடர்ப்படும் சிறுவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் துணைசெய்யும் பணியில் இருந்தார்.

அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத மகனைப் பற்றிப் பேசத் தாய் ஒருத்தி பலமுறை வந்தாள். அவள் மகனை உள்ளூர வெறுத்து ஒதுக்கியதே சிக்கலின் வேர் என்று ராஜர்ஸ் கண்டார். அதனை அவளுக்கு உணர்த்த எவ்வளவோ முயன்றார்; இயலவில்லை. இறுதியில், நம் முயற்சி தோற்றது, இத்துடன் நிறுத்திக்கொள்வோம் என்றார். அவளும் இசைந்து எழுந்தாள். வாயில்வரை சென்றவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே உதவி செய்வீர்களா என்று கேட்டாள். செய்வோம் என்றதும் மீண்டும் வந்து அமர்ந்தாள். தன் மணவாழ்வின் துயரையும், தோற்றுப்போன உணர்வையும் கொட்டித் தீர்த்தாள். உண்மையான உதவி அப்போதுதான் தொடங்கியது. புண் எங்கே இருக்கிறதென்பது புண்பட்டவருக்கே தெரியும் என்பதை ராஜர்ஸ் அன்று கற்றார்.

தம்மை நாடி வந்தவர்களை 'நோயாளி' என்றழைப்பதையும் அவர் தவிர்த்தார். 1957-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், உதவி செய்பவரிடம் இருக்க வேண்டிய மூன்று பண்புகளை வலியுறுத்தினார். முதலாவது, வேடமற்ற உண்மை. இரண்டாவது, நிபந்தனை விதியாமல் மனிதரை மதித்து ஏற்றல். மூன்றாவது, அவர் உள்ளத்தில் நின்று அவர் காண்பதுபோல் காணும் ஒத்துணர்வு. இம்மூன்றும் நிலவும் உறவில் மனிதர் தாமாகவே நிமிர்வர் என்பது அவர் துணிபு.

இதில் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடமும் உண்டு. மனித இயல்பின் நன்மையில் ராஜர்ஸ் வைத்த நம்பிக்கை பெரிது. பாவத்தின் காயத்தையும் இறையருளின் தேவையையும் அறிந்த நமக்கு அது முழுமையாகாது. மனநோய் கடுமையானால் மருத்துவரும் மருந்தும் தேவை. வெறும் உரையாடல் போதாது. எனினும், மனிதரை ஏற்பது வேறு, அவர் செய்ததையெல்லாம் சரியென்பது வேறு. யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்டார்; அவள் வாழ்வின் உண்மையைப் பின்னரே எடுத்துரைத்தார். எம்மாவு வழியில், யாவும் அறிந்த அவரே ஒன்றும் அறியாதவர்போல் வினவி, சீடர் இருவரின் துயரக் கதையை முழுதும் கேட்டார். மறைநூல் விளக்கம் அதன் பிறகுதான் வந்தது.

இவற்றையெல்லாம் குருமடத்திலேயே படித்தவன் நான். ஆயினும், ஒருநாள் பூசைக் கருத்துக் கொடுக்க வந்த ஒருவர் திண்ணையிலேயே தயங்கி நின்றபோது, "செபம் பண்ணுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வேலையிழந்து, அதை மனைவியிடம் மறைத்து, நாள்தோறும் வேலைக்குப் போவதுபோல் வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறர் சொல்லி அறிந்தேன். வெட்கத்தோடு அவரைத் தேடிப் போனேன். மாதாகோவில் படிக்கட்டில் இருவரும் அமர்ந்தோம். இரண்டு மணி நேரம் அவர் பேசினார். நான் அறிவுரை ஒன்றும் கூறவில்லை. எழுந்தபோது அவரே, "இன்றைக்கு வீட்டில் சொல்லிவிடுகிறேன், சாமி" என்றார். சொல்லவும் செய்தார்.

அன்பான குடும்பத்தாரே, இரவுச் செபம் முடிந்ததும் கணவர் மனைவியிடமும், மனைவி கணவரிடமும், வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரிடமும் சிறிது நேரம் செவிகொடுங்கள். குறுக்கே பேசாதீர்கள், தீர்ப்பிடாதீர்கள், தீர்வு சொல்ல விரையாதீர்கள். விடைபெற்றுப் போகிறவர் வாயிற்படியில் தயங்கினால், அவரை மீண்டும் உள்ளே அழைத்து அமரச் செய்யுங்கள். அவர் சொல்ல வந்தது ஒருவேளை இனிமேல்தான் வரும்.